இருவாச்சிக் காவல்

ஆண் பறவை நேற்று முழுக்க வரவில்லை. இன்று வெயில் உச்சிக்கு ஏறிய பிறகும் வரவில்லை. தார்ப்பாய்க்கு அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த பேக்கரி அக்காவுக்குக் கால் எப்போதோ மரத்துப் போயிருந்தது. மனசு மட்டும் மரத்துப் போக மாட்டேன் என்று அடம்பிடித்தது.

தலைக்கு மேலே, அந்தப் பெரிய மரத்தின் உடம்பில், மண் பூசி அடைத்த பொந்து ஒன்று இருந்தது. பூச்சின் நடுவே ஒரு கீற்று. கீற்றுக்குள் பெண் இருவாச்சியின் அலகு நுனி தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது.

இருவாச்சியின் குடித்தனம் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, வாசலைத் தானே பூசி அடைத்துவிடும். அலகு நீட்டும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விடும். உள்ளே போனதும் சிறகின் இறகுகளை உதிர்த்துவிடும், பறக்க முடியாது. அதற்கும் குஞ்சுக்கும் சாப்பாடு என்பது ஆண் கொண்டுவருவதுதான். ஆண் காடெல்லாம் அலைந்து, அத்திப்பழங்களைத் தொண்டைக்குள் அடைத்துக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாய்க் கக்கிக் கீற்றுக்குள் கொடுக்கும். அது வராவிட்டால் உள்ளே இருக்கிற இரண்டு உயிரும் பட்டினி கிடந்து சாக வேண்டியதுதான். புருஷனை இவ்வளவு நம்பி ஒருத்தி கதவைச் சாத்திக்கொள்வாளா என்று பேக்கரி அக்கா பலமுறை வாய்விட்டுக் கேட்டிருக்கிறாள். பெரும்பாலும் தன் வீட்டுக்காரர் காதில் விழும்படி.

"குஞ்சு சத்தம் கேக்குதா?" என்றாள்.

பக்கத்தில் இருந்த தபால்காரர் காதருகே கையைக் குவித்துக்கொண்டார். இந்த மலையூரில் பறவை பார்க்கிற குழுவில் ஆரம்பத்திலிருந்து இருந்த இருவர் இவர்கள்தான். மற்றவர்கள் வருவார்கள், இரண்டு ஞாயிற்றுக்கிழமை பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவார்கள், அப்புறம் மழை வந்தால் காணாமல் போவார்கள்.

"காலையில முனகிச்சு. இப்ப இல்ல," என்றார் தபால்காரர்.

மேலிருந்து ஏதோ பொடிப்பொடியாக விழுந்து தார்ப்பாயில் தட்டியது. பேக்கரி அக்கா கையை வெளியே நீட்டி ஒன்றைப் பொறுக்கினாள். காய்ந்த மண் சில்லு.

"சுவரைக் கொத்துதுங்க," என்றாள். "பசி தாங்காம வெளிய வரப் பாக்குது. இறகு முளைக்காம வந்தா நேரா கீழதான் விழும்."

போன வருஷம் இதே மரத்தில் எவனோ ஏறி, பொந்தை உடைத்து, குஞ்சை எடுத்துக்கொண்டு போய்விட்டான். தாய்ப்பறவை கீழே செத்துக் கிடந்தது. இந்தச் சரிவில் அவர்களுக்குத் தெரிந்த கூடு அது ஒன்றுதான். அதனால் இந்த வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். முதலில் ஓடைக்கு அந்தப் பக்கத்து மொட்டைப் பாறையில் இருந்துதான் காவல். அங்கிருந்து மரம் முழுசாகத் தெரியும், பறவைக்கும் தொந்தரவில்லை. ஆனால் போன வாரம் அடிமரத்தில் புதிதாக அடித்த மூங்கில் ஆப்புகளைப் பார்த்தார்கள். ஏறுவதற்குப் படி வைக்கிற ஆப்பு.

"பாறையில உக்காந்து வேடிக்கை பாக்கறதுக்கா நாம இருக்கோம்? அவன் ஏறி எறங்கி வீட்டுக்குப் போன அப்புறம்தான் நாம ஓடையத் தாண்டி வருவோம்," என்று சொன்னவள் பேக்கரி அக்காதான். "மரத்தடியிலயே உக்காருவோம். எவன் வர்றான்னு பாத்துடலாம்."

எல்லாரும் சரி என்றார்கள். பேக்கரியில் மாவு மூட்டை மூடுகிற நீலத் தார்ப்பாயை அவளே கொண்டுவந்து கட்டினாள். அன்றிலிருந்து பகல் முழுக்க, முறை வைத்து, மரத்தடியில் ஆள். ஆப்படித்தவன் வரவில்லை. ஆனால் ஆண் பறவை வருவதும் குறைந்தது, அப்புறம் நின்றே போனது.

"யாரோ சுட்டுட்டான் அக்கா," என்றார் தபால்காரர். "ஆணைச் சுட்டுட்டா, பொட்டை தானா சுவரை உடைச்சுக்கிட்டு வந்துடும். மரம் ஏற வேண்டிய வேலையே இல்ல. அதான் இந்த வருஷத்து யோசனை."

"வெடிச்சத்தம் கேக்கலையே."

"ஏர்கன்னுக்கு என்ன பெரிய சத்தம்?" சொல்லிவிட்டு அவர் தன் செருப்பைப் பார்த்தார். "ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. ரோட்டு வளைவுல உங்க ரொட்டி வண்டி தினம் காலையில நிக்குது. நான் தபாலு கொண்டு போறப்ப பாக்கறேன். வண்டி இருக்கு, ஆளு இறங்கிக் காட்டோரமா நிக்கறான். நான் மட்டும் இல்ல, பள்ளிக்கூட டீச்சரும் பாத்தாங்க."

ரொட்டி வண்டி ஓட்டுவது பேக்கரி அக்காவின் கொழுந்தன். வீட்டில் அவனைச் சின்னவன் என்பார்கள். அவள் கல்யாணமாகி வந்தபோது அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான், போனதைவிடப் போகாததுதான் அதிகம். எப்போதும் கையில் ஏர்கன். கொல்லையில் சிட்டு, மைனா, புறா என்று எது உட்கார்ந்தாலும் குறி. வந்த புதுசிலேயே அவள் அதைப் பிடுங்கிப் பரணில் போட்டுவிட்டு, "இந்த வீட்ல நான் இருக்கணுமா, இது இருக்கணுமா?" என்று கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே "நீங்களே இருங்க அண்ணி, நீங்கதான் சமைப்பீங்க" என்றான். அதற்கப்புறம் அவன் ஒரு குருவியைக்கூடக் குறி வைத்ததில்லை என்றுதான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அவனிடம் கேட்டாள். அவன் ரொட்டித் தட்டுகளை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான்.

"வளைவுல வண்டிய நிறுத்தறியாமே. என்ன வேலை அங்க?"

அவன் உள்ளே அடுப்படியில் நின்ற அண்ணனை ஒரு பார்வை பார்த்தான். "சும்மாதான் அண்ணி. காத்து நல்லா வரும்."

"தினமுமா காத்து வரும்?"

"காத்துக்கு லீவு ஏது?" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டை எடுத்தான். மற்ற நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

மறுநாள் காலை வனத்துறை ஜீப் பேக்கரி வாசலில் வந்து நின்றது. தபால்காரர் சும்மா இருக்கிற ஆள் இல்லை, இரவோடு இரவாகப் புகார் போயிருந்தது. ரேஞ்சர் தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். முதல் ஈடு ரொட்டி வெந்து, அறை முழுக்கச் சூடு. ரொட்டி வாங்க வந்தவர்கள் வாங்கின பிறகும் நகரவில்லை.

"வளைவுல என்னப்பா பண்றே தினமும்?"

சின்னவன் கையைத் துணியில் துடைத்தான். அண்ணனைப் பார்த்தான். "ஒண்ணும் இல்ல சார்."

"ஒண்ணும் இல்லாததுக்கா தினம் வண்டிய நிறுத்துவாங்க?"

"சொல்ற மாதிரி விஷயம் இல்ல சார். பறவையை நான் ஒண்ணும் பண்ணல."

"பறவையப் பத்தி நான் இன்னும் கேக்கவே இல்லையே," என்றார் ரேஞ்சர்.

அவள் வீட்டுக்காரர் மாவுக் கையோடு முன்னால் வந்தார். "என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லீங்க. வேணும்னா ஊர்ல கேட்டுப் பாருங்க."

"கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன். சின்ன வயசுல குருவி சுடுவான்னு ஊரே சொல்லுது. வீட்ல ஏர்கன் இருக்கா?"

அடுப்புக்குள் விறகு வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். சின்னவன் ரேஞ்சரைப் பார்த்தான். பேக்கரி அக்காவின் கண்ணுக்கு முன்னால் அந்த மண் சில்லு வந்தது, கீற்றுக்குள் வந்து வந்து போன அலகு வந்தது.

"பரண்ல இருக்கு," என்றாள். "பழைய மாவுச் சல்லடைக்குப் பின்னாடி."

சின்னவன் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அவன் கோபப்படவில்லை, மறுக்கவும் இல்லை. ஏதோ கணக்கு சரியாக வரவில்லை என்பது போல அவளையே ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, ஏப்ரனை அவிழ்த்து மடித்து, தட்டின் மேல் வைத்துவிட்டு, ஜீப்பில் போய் ஏறினான். காவலர் ஒருவர் ஏர்கன்னைச் சாக்கில் சுற்றி எடுத்துப் போனார்.

"இப்ப சந்தோஷமா உனக்கு?" என்றார் வீட்டுக்காரர். அவ்வளவுதான் பேசினார். மாவை அடித்துப் பிசைய ஆரம்பித்தார். அந்த மாவு என்ன பாவம் செய்ததோ.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் அன்றைய காவல் முறை அவளுடையதும் தபால்காரருடையதும். பைனாகுலரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ரோடு வழியாகப் போனால் பார்க்கிறவன் எல்லாம் விசாரிப்பான், வளைவைத் தாண்டிப் போக வேண்டும். அதற்குத் தெம்பில்லை. அதனால் பழைய ஒற்றையடிப் பாதையில் ஏறி, மொட்டைப் பாறை வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள். தார்ப்பாய் கட்டின பிறகு அந்தப் பக்கம் யாருமே போகவில்லை.

பாறையில் ஏறி மூச்சு வாங்க நின்றபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பெரிய துருத்தியை ஊதி ஊதி விடுகிற மாதிரி ஒரு சிறகுச் சத்தம். ஒரு தடவை கேட்டவர்களுக்கு அது மறக்காது.

அவள் பைனாகுலரைத் தூக்கினாள். பார்வை நிலைகொள்ளவில்லை. முழங்கையைப் பாறையில் ஊன்றிக்கொண்டு பார்த்தாள். கூடு இருந்த மரத்துக்குப் பின்னால், சற்று மேலே, பட்டுப்போன மரம் ஒன்றின் உச்சிக் கிளையில் ஆண் இருவாச்சி உட்கார்ந்திருந்தது. பெரிய மஞ்சள் அலகு. தொண்டை பழத்தால் உப்பியிருந்தது. தலையை இப்படிச் சாய்த்தது, அப்படிச் சாய்த்தது. கீழே எட்டிப் பார்த்தது. ஒரு கிளை இறங்கியது. மறுபடி கீழே பார்த்தது. திரும்ப மேலே போய் உட்கார்ந்தது.

அது எதைப் பார்க்கிறது என்று அவளும் பார்த்தாள். மரத்தடியில், பச்சைக்கு நடுவில், அவளுடைய நீலத் தார்ப்பாய்.

பைனாகுலரை இறக்கினாள். தார்ப்பாய்க்கு உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தப் பட்ட மரம் தெரியவே தெரியாது. கூரை மறைக்கும், இலை மறைக்கும். அவர்கள் உள்ளே உட்கார்ந்துகொண்டு ஆணைக் காணோம் ஆணைக் காணோம் என்று தவித்தார்கள். அது வந்து வந்து, இவர்களைப் பார்த்துப் பார்த்து, தொண்டை நிறையப் பழத்தோடு திரும்பிப் போயிருக்கிறது. கூட்டைக் காக்கிறேன் என்று உட்கார்ந்தவர்கள்தான் அதன் சோற்றில் மண்ணைப் போட்டது. அதிலும் அந்த யோசனை அவளுடையது.

ஆண் பறவை எழும்பிப் பள்ளத்தாக்கின் மேல் போயிற்று. அவள் விழுந்தடித்துக்கொண்டு கீழே இறங்கினாள். ஓடையில் கால் வழுக்கி முழங்கால் வரை நனைந்தது. மரத்தடிக்கு வந்ததும் தார்ப்பாயின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"என்னக்கா பண்றீங்க?" தபால்காரர் துள்ளி எழுந்தார்.

"உசுரோட இருக்கு. இப்பத்தான் பாத்தேன். நாம இங்க உக்காந்திருக்கறதாலதான் வரமாட்டேங்குது."

"எங்க பாத்தீங்க?"

"பாறையிலருந்து. பட்ட மரத்துல. வாய் நிறையப் பழம் வெச்சுக்கிட்டு இந்தத் தார்ப்பாயையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. முடிச்சைப் பிடிங்க."

அவர் பிடிக்கவில்லை. "இது வேற ஆணா இருந்தா? போற வழியில உக்காந்திருக்கலாம். நாம எழுந்து போனதும் ஆப்படிச்சவன் ஏறிட்டா? போன வருஷம் கீழ கெடந்ததைத் தூக்கினது நான்தான் அக்கா. எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு."

"எனக்கும்தான் இருக்கு. திருடன் வந்தா வரலாம், வராமலும் போகலாம். நாம இங்க உக்காந்தா உள்ள இருக்கறது செத்தே போகும்."

இன்னும் இரண்டு சில்லு விழுந்தது. இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கீற்றின் ஒரு ஓரம் பெயர்ந்து, அலகு நேற்றைவிட அதிகமாக வெளியே தெரிந்தது. கொத்தியது, நிறுத்தியது, மறுபடி கொத்தியது. தபால்காரர் பிடித்த பிடியை விடாத மனுஷன்தான். ஆனாலும் குனிந்து மறுபக்கத்து முடிச்சை அவிழ்த்தார்.

தார்ப்பாய், பாய், தண்ணீர் கேன், பிளாஸ்க் எல்லாவற்றையும் வாரிச் சுருட்டிக்கொண்டு இருவரும் ஓடையைத் தாண்டிப் பாறைக்கு வந்தார்கள். வழியெல்லாம் தபால்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பாறைக்குப் பின்னால் புதர் மறைவில் உட்கார்ந்து, நீலத் துணி கண்ணில் படாதபடி அதன் மேல் தழை வெட்டிப் போட்டார்கள்.

மூச்சு தணிந்ததும் தபால்காரர்தான் முதலில் சொன்னார். "அக்கா, உங்க கொழுந்தன்."

"ம்."

"அது உசுரோட இருக்குன்னா அவன் சுடலைன்னுதானே அர்த்தம்? நான்தான் அவசரப்பட்டு... நீங்க போய்ச் சொல்லிடுங்க. நான் பாத்துக்கறேன்."

ரேஞ்சர் அலுவலகத்துக்கு நடந்தால் கீழே ஒரு நடை, அவ்வளவுதான். இந்தப் பள்ளத்தில் போனில் சிக்னல் எடுக்காது. அவளுக்கும் அது தெரியும். எழுந்திருக்கப் பார்த்தாள். அதற்குள் சமவெளிப் பக்கமிருந்து மேகம் ஏறி வந்து, கூட்டு மரத்தை மூடியது, விலகியது, மறுபடி மூடியது.

"நீங்கதானே வேற ஆணா இருந்தான்னு கேட்டீங்க," என்றாள். "ரேஞ்சரும் அதைத்தான் கேப்பாரு. இது வந்து ஊட்டறதைக் கண்ணால பாத்துட்டுப் போனாத்தான் ஒரு பேச்சுப் பேச முடியும். கொஞ்சம் இருந்து பாத்துட்டுப் போறேன்."

சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயம் அவளுக்கு ரொம்ப வசதியாகவும் இருந்தது. கண்ணை எடுக்க அவளால் முடியவில்லை, அதுதான் உண்மை. உள்ளே இருப்பது சுவரை உடைத்துவிடுமா, அதற்குள் ஆண் வருமா? இந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டுப் போக அவளுக்குக் கால் வரவில்லை.

மேகம் விலகிய ஒவ்வொரு முறையும் இருவரும் பாய்ந்து பைனாகுலரை எடுத்தார்கள். பட்ட மரம் காலியாக இருந்தது. கீற்றில் அலகு அசைந்தது. ஒருமுறை ஆண் வந்து பட்ட மரத்தில் உட்கார்ந்தது. தபால்காரர் அவள் கையை இறுக்கிப் பிடித்தார். அது வெறுமையான மரத்தடியை நெடுநேரம் பார்த்தது. நம்பவில்லை. போய்விட்டது.

"போயிடுச்சே," என்றார் தபால்காரர். அழுகிற குரல்.

"வரும்."

"நீங்களாவது போங்கக்கா. சாப்பிடாம கொள்ளாம அவன் அங்க உக்காந்திருப்பான்."

"இதோ. அடுத்த தடவை மேகம் விலகட்டும்."

அடுத்த தடவை விலகியது, அவள் போகவில்லை. அதற்கடுத்த தடவையும் போகவில்லை. மத்தியானம் கழிந்தது. பெண் பறவை கொத்துவதைக்கூட நிறுத்திவிட்டது. அது கொத்தியபோது பயந்தவள், கொத்தாதபோது அதைவிடப் பயந்தாள். கீற்று இருட்டாக இருந்தது. உள்ளே எதுவும் அசையவில்லை. போயே போய்விட்டதோ என்று நினைத்த மாத்திரத்தில் கண் கலங்கி, பைனாகுலர் மங்கியது. துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

அப்போதுதான் சிறகுச் சத்தம் கேட்டது. மேகத்துக்குள்ளிருந்து ஆண் வந்தது, இந்த முறை பட்ட மரத்தில் உட்காரவில்லை. நேராகக் கூட்டு மரத்துக்கு வந்து, பொந்துக்குக் கீழே பட்டையைக் காலால் பற்றிக்கொண்டு, அலகால் மரத்தைத் தட்டியது. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டியது. கீற்றில் மெல்ல ஒரு அலகு நுனி தெரிந்தது.

ஆண் தலையைப் பின்னுக்கு இழுத்துத் தொண்டையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து நீட்டியது. அலகு அதை வாங்கிக்கொண்டு உள்ளே போயிற்று. உடனே திரும்பி வந்தது. இன்னொரு பழம். இன்னொன்று. பழத்தின் சிவப்பு இங்கிருந்தே தெரிந்தது. உள்ளேயிருந்து, ஓடைச் சத்தத்தையும் மீறி, குஞ்சின் கிறீச்சுக் குரல் கேட்டது. தபால்காரர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பேக்கரி அக்காவும் அழுதாள், ஆனால் பழம் தீரும்வரை பார்வையை எடுக்கவில்லை. தீர்ந்த பிறகுதான் எழுந்து ஓடினாள்.

ரேஞ்சர் அலுவலகத்தில் விளக்குப் போட்டிருந்தார்கள். சின்னவன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தொடாத டீ ஒன்று ஆடை படிந்து பக்கத்தில் இருந்தது. அவள் மூச்சு வாங்க வாங்க ரேஞ்சரிடம் எல்லாம் சொன்னாள். தார்ப்பாய் தன் யோசனை என்பதையும் சொன்னாள். ரேஞ்சர் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"அந்த ஏர்கன் துருப்பிடிச்சு உள்ள சிலந்தி கூடு கட்டியிருக்கும்மா. அதை வெச்சு எதையும் சுட முடியாது. ஆனா நாலு பேரு பாத்தேன்னு சொல்லும்போது, இவன் வளைவுல ஏன் நின்னேன்னு வாயே திறக்கலை. எனக்கும் வேற வழி இல்ல. பறவை உசுரோட இருக்குன்னா விஷயம் முடிஞ்சுது. கூட்டிட்டுப் போங்க."

விஷயம் அவ்வளவு சுலபமாக முடிந்தது. காலையிலேயே முடிந்திருக்கும் என்று அவளுக்கு உறைத்தது. அவள் வந்து பறவை உயிரோடு இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலே போதும், ஊட்டியதா இல்லையா என்று இங்கே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இருவரும் ரோட்டில் மேலே நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் அவனாகவே ஆரம்பித்தான்.

"போன்ல சிக்னல் எடுக்கறது அந்த வளைவுல மட்டும்தான் அண்ணி. கீழ ஒரு கம்பெனியில டிரைவர் வேலைக்குக் கூப்பிட்டாங்க. தினம் பேசிட்டு இருந்தேன். அண்ணன் முன்னாடி எப்படிச் சொல்றது? ஒத்தைக் கையில அவரு கடைய எப்படி நடத்துவாரு? வேணாம்னு சொல்லிடலாம்னுதான் பாதி மனசு."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சொல்லணும்னுதான் இருந்தேன்." அவன் ஒரு கல்லை ஓரமாகத் தள்ளினான். "அது உசுரோட இருக்குன்னு எப்ப பாத்தீங்க?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. வாய் வரவில்லை. "காலையில. உன்னைக் கூட்டிட்டுப் போன கொஞ்ச நேரத்துல."

அவன் நின்றான். மலைக்குப் பின்னால் வெளிச்சம் அணைந்துகொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"அப்புறம்?"

"தார்ப்பாயைப் பிரிச்சோம். அப்புறம்... ஊட்டுதான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

"ஊட்டுச்சா?"

"ஊட்டுச்சு. குஞ்சும் உசுரோட இருக்கு."

"நல்லதுதான்," என்றான். அந்தச் சொல்லில் குத்தல் இருக்கிறதா என்று அவள் தேடினாள். இல்லை. குத்தல் இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஏர்கன் பரண்ல இருக்குன்னு சொன்னீங்களே, அதுகூடத் தப்பில்ல அண்ணி," என்றான். "உங்க இடத்துல நானா இருந்தாலும் சொல்லியிருப்பேன். ரெண்டு உசுரு விஷயம். ஜீப்புல போறப்பவே நெனச்சுக்கிட்டேன், அண்ணிக்கு உண்மை தெரிஞ்ச நிமிஷம் ஓடி வந்துடுவாங்கன்னு. அந்தப் பெஞ்சுல உக்காந்து ரோட்டையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவன் தோளைத் தொடக் கையை நீட்டினாள். அவன் விலகவில்லை, ஆனால் நிற்கவும் இல்லை, நடந்துகொண்டே இருந்தான்.

"ரொட்டி வண்டிக்கு வேற ஆள் பாக்கணும்னு இன்னைக்கு ராத்திரி அண்ணன்கிட்ட சொல்லிடறேன்," என்றான். "நீங்க பக்கத்துல இருங்க. எனக்குத் தனியா சொல்ல வராது."

"இருக்கேன்," என்றாள் அவள்.